மணியோசையைத்தான் முதலில் ஏற்ற வேண்டும்: ராட்சச மிருகப் படம் கையடக்க கேம் ஆகும்போது

கேள்வி இதுதான்: "தியேட்டரையே அதிரவைத்த ராட்சச மிருகப் படங்களைக் கையில் வைத்து ஆடும் கேம்களாக மாற்றியபோது, பெரும்பாலானவை ஏன் சப்பென்று போயின? பழைய கேம்பாய்க்கு அப்படி ஒன்றை நானே செய்து பார்க்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது?"

பத்து வருடத்துக்கு மேலாக ஓய்வு நேரத்தில் கேம்பாய்க்குச் சின்னச் சின்ன கேம்கள் எழுதி வருகிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பெரிய விலங்கு துரத்தும் கேம்கள்தான். மனதுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இயந்திரத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1989-ல் நின்டெண்டோ வெளியிட்ட கேம்பாயின் திரையில் குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி. நிறம் என்று பார்த்தால் நான்கே சாயல், அதுவும் பச்சை கலந்த சாம்பல். காட்சி முழுவதும் 8-க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சதுரங்களால் ஆனது. இவற்றை டைல் என்போம். ஒரு டைலுக்கு 16 பைட் பிடிக்கும். பின்னணிக்கு ஒரே சமயத்தில் 256 டைல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரையை முழுசாக மூட 360 டைல் வேண்டும். திரையை நிறைக்கும் ஒரு டைனோசர் முகத்தை, எந்தத் துண்டும் திரும்ப வராதபடி வரைந்தால், சாதாரண வழியில் அது உள்ளேயே கொள்ளாது.

நகரும் உருவங்கள் வேறு கணக்கு. அவற்றுக்கு ஸ்ப்ரைட் என்று பெயர். ஒவ்வொன்றும் 8-க்கு 8 அல்லது 8-க்கு 16 புள்ளி. மொத்தம் 40 ஸ்ப்ரைட், ஒரே கிடைக்கோட்டில் 10 வரைதான் தெரியும். 64 புள்ளி அகலமும் 64 புள்ளி உயரமும் உள்ள ஒரு மிருகத்தை ஸ்ப்ரைட்டுகளால் கட்டினால், பெரிய அளவிலேயே 32 செலவாகிவிடும். ஒவ்வொரு கோட்டிலும் எட்டு போய்விட்டதால் மிச்சம் இரண்டு. நம் கதாநாயகன் 16 புள்ளி அகலம் என்றால் அந்த இரண்டும் அவனுக்கே சரி. அவன் கையிலிருந்து ஓர் ஊசியோ குண்டோ பறந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். மிருகம் வந்து நின்றதும் மற்றதெல்லாம் மினுக்மினுக்கென்று மறைந்து மறைந்து தெரிவது இதனால்தான்.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. மிருகத்தை ஸ்ப்ரைட்டாக வரையாமல் பின்னணியாகவே வரைந்துவிட்டு, பின்னணி முழுவதையும் நகர்த்தினால் மிருகம் நகர்வதுபோலத் தெரியும். பழைய கேம்களில் கடைசிப் பெரிய எதிரி வரும்போது மட்டும் காடு, கட்டடம் எல்லாம் காணாமல் போய், வெறும் வெள்ளையிலோ கறுப்பிலோ சண்டை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காடு இருந்த இடத்தில்தான் மிருகம் நிற்கிறது. தந்திரம் என்ற அளவில் அருமையானது. ஆனால் பயத்துக்கு இது கெடுதல். மரங்களுக்கு நடுவே நிற்கும்போது இருந்த மிரட்டல் வெட்டவெளியில் நிற்கும்போது இருப்பதில்லை.

அளவு என்பதே பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். 1954-ல் இஷிரோ ஹோண்டா எடுத்த முதல் காட்ஸில்லா படத்தில் அந்த மிருகத்தின் உயரம் 50 மீட்டர் என்று கதை சொல்லும். ஆனால் படப்பிடிப்பில் நின்றது கனமான ரப்பர் உடைக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர், ஹருவோ நகாஜிமா. தந்திரக் காட்சிகளைக் கவனித்த எய்ஜி ட்சுபுராயாவின் குழு அவரைச் சுற்றிக் குட்டி டோக்கியோவையே கட்டியது. ஆளைப் பெரிதாக்க வழியில்லாததால் ஊரைச் சிறிதாக்கினார்கள். சின்னத் திரைக்கும் இதே வழிதான். கதாநாயகனை 16 புள்ளி உயரத்தில் வரைந்துவிட்டு அதைவிடப் பல மடங்கு பெரிய மிருகத்துக்கு இடம் தேடினால் கிடைக்காது. மனிதர்களை நான்கு புள்ளியில் வரைந்தால் 40 புள்ளி மிருகமும் மலைபோல நிற்கும். அப்புறம் அந்த நான்கு புள்ளி மனிதனுக்கு முகம் கிடையாது, நடையும் ஒழுங்காகத் தெரியாது. அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

1990-ல் கேம்பாய்க்கு வந்த காட்ஸில்லா கேம் இந்தச் சிக்கலிலிருந்து வேறு பக்கமாக வெளியேறியது. கம்பைல் என்ற ஜப்பானிய நிறுவனம் செய்தது. அதில் காட்ஸில்லா பெரிய தலையோடு பொம்மைபோலக் குட்டியாக இருக்கும். ஏணி ஏறும், பாறைகளைக் குத்தித் தள்ளி உடைக்கும், தன் மகன் மினில்லாவை மீட்கப் போகும். மூளைக்கு வேலை வைக்கும் புதிர் கேம். பிரம்மாண்டத்தை அடியோடு விட்டுவிட்டார்கள். பயத்தைத் தேடி வாங்கியவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அது பிடிக்கும், ஏனென்றால் அந்த இயந்திரத்தால் முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சுத்தமாகச் செய்தார்கள்.

சரி, பயமும் வேண்டும், திரையும் சின்னது. என்ன செய்வது?

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்று நம் ஊரில் சொல்வோமே, அதைத்தான் இங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். கையடக்க இயந்திரத்தில் யானைக்கு இடமில்லை. மணிக்கு இடம் தாராளமாக இருக்கிறது. நல்ல மிருகப் படங்களும் உண்மையில் மணியோசையில்தான் ஓடுகின்றன. 1993-ல் வந்த ஜுராசிக் பார்க் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். அதில் டைனோசர்கள் கண்ணில் படுவது எல்லாம் சேர்த்து சுமார் 15 நிமிடம். டி ரெக்ஸ் முதலில் முகம் காட்டும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் வருவது காருக்குள் வைத்த இரண்டு டம்ளர் தண்ணீர். தொலைவில் ஒரு காலடி, தண்ணீரில் ஒரு வட்டம். மறுபடி ஒரு காலடி, மறுபடி ஒரு வட்டம். அந்த வட்டத்தை வரவழைக்க டம்ளருக்கு அடியில் ஒரு கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டினார்கள். அவ்வளவு செலவு செய்த படத்தின் மறக்க முடியாத காட்சி ஒரு கம்பியில் நடந்தது.

இதைக் கேம்பாயில் செய்ய எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டேன். டம்ளரின் வாயை மேலிருந்து பார்ப்பதுபோல 32-க்கு 32 புள்ளியில் வரைந்தால் 16 டைல், 256 பைட். அலை பரவ நான்கு படம் என்றால் ஒரு கிலோபைட். நாற்புறமும் ஒரே மாதிரியான வட்டம் என்பதால் கால்வாசியை மட்டும் ஸ்ப்ரைட்டாக வரைந்து திருப்பிப் போட்டுக்கொண்டால் அதிலும் கால்பங்கு போதும். முழுத் திரை டி ரெக்ஸுக்கு ஆகும் செலவில் இது எந்த மூலைக்கு!

காலடி அதைவிட மலிவு. பின்னணியை மேலும் கீழும் நகர்த்த ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். அதை இரண்டு புள்ளி மேலே, இரண்டு புள்ளி கீழே என்று எட்டு ஃபிரேமுக்கு (திரை நொடிக்குச் சுமார் 60 முறை புதிதாக வரையப்படும், அதில் ஒருமுறைதான் ஒரு ஃபிரேம்) ஆட்டினால் நிலம் குலுங்கும். இதில் ஒரு நல்ல விஷயம் தானாகவே அமைகிறது. பின்னணி ஆடும்போது ஸ்ப்ரைட்டுகள் ஆடுவதில்லை. ஆகவே தரை மட்டும் துள்ளும், மனிதன் அந்தரத்தில் ஒரு கணம் நிற்பதுபோலத் தெரியும். காலுக்கடியில் நிலம் நழுவும் உணர்வு அப்படியே வந்துவிடும்.

ஒலியில்தான் கொஞ்சம் ஏமாற்ற வேண்டியிருக்கும். ஜுராசிக் பார்க்தான் டிடிஎஸ் ஒலியோடு வெளிவந்த முதல் படம். தியேட்டரில் அந்தக் காலடி வயிற்றுக்குள் கேட்கும். கேம்பாயின் ஸ்பீக்கரோ ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதில் ஆழ்ந்த ஒலி வெளியே வரவே வராது. இரைச்சல் தரும் ஒலிவரிசையில் "டப்" என்று சின்னதாக ஒன்று, அதோடு இன்னொரு வரிசையில் மேலிருந்து சட்டென்று கீழே விழும் ஒரு சுரம். இரண்டும் சேர்ந்தால் காது அதைக் கனமான அடியாக எடுத்துக்கொள்ளும். உறுமலுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். படத்தில் கேரி ரைட்ஸ்ட்ராம் குட்டி யானை, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து அந்த உறுமலை உருவாக்கினார். கேம்பாயில் பதிவு செய்த குரலைத் தரம் குறைத்து ஒலிக்கவிடலாம். நொடிக்கு 8192 ஒலித் துணுக்கு (சாம்பிள்), ஒவ்வொன்றும் 4 பிட் என்று வைத்தால் ஒரு நொடிக்கு 4 கிலோபைட் ஆகும். ஆனால் அதை ஒலிக்கவிடும் நேரத்தில் பிராசஸருக்கு வேறு வேலை செய்ய அவகாசம் பெரிதாக இருக்காது, கேம் உறைந்து நிற்கும். இந்தக் குறையையே நான் விரும்பிப் பயன்படுத்துவேன். உறுமல் கேட்டதும் எல்லாம் அப்படியே உறைந்து நிற்பது, பயத்தில் உடம்பு நிற்பதுபோலவே இருக்கும். ஒரு கேமில் ஒரே ஒரு முறைதான். இரண்டாவது முறை அது வெறும் இடைஞ்சல்.

இதைச் சோதிக்க ஒரு சின்ன மாதிரி செய்தேன். இருட்டுக் காடு, நடக்கும் ஒரு மனிதன், காலடிச் சத்தம், குலுங்கும் தரை. மிருகம் என்று ஒன்று அந்த நிரலில் எங்கேயும் இல்லை. முதலில் 90 ஃபிரேமுக்கு ஓர் அடி, அதாவது ஒன்றரை நொடி. போகப் போக இடைவெளி குறைந்து 30 ஃபிரேமுக்கு வரும். பத்து வயதான அண்ணன் மகளிடம் எதுவும் சொல்லாமல் கொடுத்தேன். முதல் நிமிடம் விறுவிறுவென்று நடந்தாள். இடைவெளி குறைய ஆரம்பித்ததும் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டாள். கேமைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு, "சித்தப்பா, அது எந்தப் பக்கம் இருக்கு?" என்று கிசுகிசுத்தாள். நின்றால் அதற்குத் தெரியாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே நின்றாள். அதன்பின் நின்றால் சத்தம் விலகிப்போகும்படி நிரலை மாற்றி எழுதினேன்.

இந்தப் பாதையில் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஏலியன்ஸ். 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த அந்தப் படத்தில் வீரர்கள் கையில் ஓர் அசைவு காட்டும் கருவி இருக்கும். சின்னத் திரை, அதில் வெளிச்சப் புள்ளிகள், பக்கத்தில் வர வர வேகமாகும் பீப் ஒலி. யோசித்துப் பாருங்கள், படத்துக்குள்ளேயே மனிதர்கள் ஒரு கையடக்கத் திரையைப் பார்த்துத்தான் நடுங்குகிறார்கள். அந்தத் திரையில் மிருகம் வெறும் புள்ளி. கேம்பாயில் புள்ளி வைக்க எந்தத் தடையும் இல்லையே! 2011-ல் வேஃபார்வர்ட் நிறுவனம் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்குச் செய்த ஏலியன்ஸ் இன்ஃபெஸ்டேஷன் பக்கவாட்டில் நகரும் கேம். நான்கு பேர் கொண்ட அணி, மொத்தம் 19 வீரர்கள். ஒருவர் செத்தால் செத்ததுதான், திரும்ப வரமாட்டார். ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனிப் பேச்சு. படத்தில் ஒவ்வொருவராக உதிர்ந்துபோகும் வலியை வரைகலையால் காட்டாமல் விதியால் காட்டினார்கள். கதவைத் திறக்கலாமா என்று கை தயங்குவது அந்த விதியால்தான்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிருகப் படங்கள் இரவிலும் மழையிலும் நடக்கும். 2001-ல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் 240-க்கு 160 புள்ளியும் ஆயிரக்கணக்கான நிறங்களும் கொண்டது. ஆனால் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. கம்ப்யூட்டர் மானிட்டரில் அழகாகத் தெரிந்த இரவுக் காட்சி, பேருந்தில் உட்கார்ந்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடி. அதனால்தான் அந்தக் காலத்து நல்ல கேம்களில் நிறங்கள் வெளிறிப்போனதுபோல இருக்கும். விளக்கு வைத்த எஸ்பி மாடல் 2003-ல்தான் வந்தது.

அதே 2001-ல் ஜுராசிக் பார்க் மூன்றாம் பாகத்துக்கு கொனாமி கேம்பாய் அட்வான்ஸில் மூன்று தனித்தனி கேம்களை வெளியிட்டது. ஒன்று பக்கவாட்டில் ஓடிக் குதிப்பது, ஒன்று சாய்கோணத்தில் பார்த்துத் தப்பிப் பிழைப்பது, மூன்றாவது டைனோசர் பூங்காவை நாமே கட்டி நடத்துவது. மூன்றில் பூங்கா கட்டுவதுதான் கையடக்கத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது என்பேன். மேலிருந்து பார்க்கும்போது டைனோசர் சின்னதாக இருப்பது யாருக்கும் குறையாகப் படாது. பத்து நிமிடம் ஆடிவிட்டு மூடி வைக்கலாம். அதோடு, அப்படி ஒரு பூங்கா வேண்டும் என்ற ஆசையில்தான் முதல் படத்தின் கதையே தொடங்குகிறது.

படத்திலிருந்து எந்தச் செயலை எடுத்து விளையாட்டாக்குவது என்பதில் பலர் தடுமாறியிருக்கிறார்கள். 1993-ல் மான்செஸ்டரின் ஓஷன் நிறுவனம் கேம்பாய்க்குச் செய்த ஜுராசிக் பார்க்கில் மேலிருந்து பார்த்தபடி நடந்து டைனோசர் முட்டைகளைப் பொறுக்க வேண்டும். படத்தில் டாக்டர் கிராண்ட் பொரிந்துபோன முட்டை ஓடுகளைக் கண்டெடுப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காட்சியில் திகைப்பு இருந்தது: இனம் பெருக்க முடியாத விலங்குகள் இனம் பெருக்கியிருக்கின்றன! கேமில் முட்டை எண்ணிக்கையாகிவிட்டது. அதே நிறுவனம் டிவியில் இணைத்து ஆடும் சூப்பர் நின்டெண்டோவுக்குச் செய்தபோது, வெளியே மேலிருந்து பார்வை, கட்டடத்துக்குள் நுழைந்தால் நம் கண்வழிப் பார்வை என்று மாற்றியது. உள்ளே போகவே மனம் வராது. அந்தப் பயம் கதவு என்ற ஒன்றை வைத்து வந்தது.

2005-ல் கிங் காங் படத்தோடு வந்த பெரிய கேமை மிஷேல் ஆன்செல் தலைமையில் யூபிசாஃப்ட் செய்தது. திரையில் உயிர்க்கோடு இல்லை, குண்டுக் கணக்கு இல்லை. பொத்தானை அழுத்தினால் எத்தனை குண்டு மிச்சம் என்று நாம் ஆடும் கதாபாத்திரமான ஜாக் வாயாலேயே சொல்வான். ஓட வேண்டிய இடத்தில் மனிதன், மோத வேண்டிய இடத்தில் காங் என்று இரண்டு பக்கமும் நாம்தான். திரையில் எதையும் அடைத்து வைக்காத அந்த யோசனை சின்னத் திரைக்கு அல்லவா வரம்! ஆனால் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு மாற்றியபோது கண்வழிப் பார்வையையும் முப்பரிமாணக் காட்டையும் அப்படியே கொண்டுபோக முயன்றார்கள். ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் முக்கோணத்துக்கு மேல் வரைய முடியாத இயந்திரம் அது. காடு அட்டைப்பெட்டி ஆனது. விமர்சகர்கள் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். அங்கே திறமைக் குறைவு இருந்ததாக நான் நினைக்கவில்லை. எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்க நேரம் இருந்திருக்காது என்றே படுகிறது.

நேரம் எப்போதுமே இந்த வகை கேம்களின் கழுத்தைப் பிடிக்கும். படம் வெளியாகும் தேதி நகராது. கேம் பதிந்த கார்ட்ரிட்ஜ் தயாராகிக் கடைக்குப் போக வாரக்கணக்கில் ஆகும், போனபின் திருத்தவும் முடியாது. 1982-ல் அட்டாரிக்காக ஈ.டி. கேமை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்து வாரம் சொச்சம். மிருகப் படங்களில் இன்னொரு தலைவலியும் சேரும். மிருகம் எப்படி இருக்கும் என்பதையே ரகசியமாக வைத்திருப்பார்கள். 1998-ல் வந்த அமெரிக்கக் காட்ஸில்லாவின் உருவத்தைப் படம் வரும்வரை பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

உங்களுக்கு அப்படி எந்தத் தேதியும் இல்லை. அதனால் நிதானமாகத் தொடங்குங்கள். நிரல் எழுதிப் பழக்கமில்லை என்றால் ஜிபி ஸ்டுடியோ என்ற இலவசக் கருவி இருக்கிறது. சி மொழி தெரியுமென்றால் ஜிபிடிகே என்ற நிரல் கருவித்தொகுப்பு. உங்கள் படம் எதுவானாலும், மிருகம் திரையில் தெரியாத காட்சிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் அது வருகிறது என்பது மனிதர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்: தண்ணீர் அசைந்தது, பறவைகள் எழும்பின, விளக்கு அணைந்தது, கட்டியிருந்த ஆடு காணாமல் போனது. அதில் ஒன்றை எடுத்து, மிருகமே இல்லாமல் இரண்டு நிமிடம் ஆடக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் கேம்பாய்போல நடிக்கும் எமுலேட்டரில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல் நிஜக் கேம்பாயில் ஏற்றிப் பாருங்கள். அந்தத் திரை மெதுவாகத்தான் மாறும், வேகமாக நகர்வதெல்லாம் புகைபோல இழுபடும், கம்ப்யூட்டரில் துல்லியமாகத் தெரிந்த குலுக்கல் அங்கே வெறும் மங்கலாகிவிடலாம். எனக்கு அப்படி ஆனது. இரண்டு புள்ளியை மூன்றாக்கி, எட்டு ஃபிரேமைப் பன்னிரண்டாக்கிய பிறகுதான் தரை நிஜமாக அதிர்ந்தது.

மிருகத்தை வரையும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எத்தனை டைல் மிச்சம் இருக்கிறதோ அதற்குள் எது கொள்ளுமோ அதை வரையலாம். எனக்கு அந்தக் காட்டு மாதிரியில் 40 டைல் மிஞ்சியது. ஒரு கண்ணும், அதைச் சுற்றிக் கொஞ்சம் தோலும் வரைந்தேன்.